முசுறு எறும்புகளின் ஓரத்தில் திரியும் எட்டுக்கால் ‘எறும்பு’: இது எந்தச் சிலந்தி?

கிளைநிழல் கேட்டது:

வணக்கம். மூன்று வாரங்களாக ஒரு மாமரத்தைத் தினமும் காலையில் கவனித்து வருகிறேன். இலைகளை ஒன்றோடொன்று சேர்த்து முசுறு எறும்புகள் கட்டிய நான்கு கூடுகள் அதில் இருக்கின்றன. அந்த எறும்புகளைப் படமெடுக்கத்தான் மேக்ரோ லென்சுடன் மரத்தடிக்குப் போனேன். இப்போதோ அவற்றின் நடுவே, இன்னும் சரியாகச் சொன்னால் அவற்றின் ஓரத்தில், நடமாடும் வேறோர் உயிர் என் கவனம் முழுவதையும் பிடித்துக்கொண்டுவிட்டது.

முதலில் அதையும் எறும்பு என்றே நினைத்தேன். அதே செம்பழுப்பு நிறம், அதே மெல்லிய இடை, அதே நீண்ட கால்கள், தலைக்கு முன்னே அசையும் இரண்டு உணர்கொம்புகள். ஆனால் அது எறும்புச் சாரையில் சேரவே இல்லை. கிளை வழியாக இரண்டு முசுறுகள் எதிரே வந்தபோது சட்டென்று நின்று, அவற்றை நேருக்கு நேர் பார்ப்பதுபோல் உடலைத் திருப்பி, பிறகு இலையின் விளிம்பைச் சுற்றி அடிப்புறத்துக்குப் போய்விட்டது. அவை கடந்துபோன பின்புதான் மீண்டும் மேற்புறத்துக்கு வந்தது. ஒரே கூட்டத்து எறும்புகள் எதிர்ப்பட்டால் கொம்போடு கொம்பு தொட்டுக்கொண்டுதான் போகும் என்பதால், இந்த ஒதுங்கல் எனக்கு விசித்திரமாகப் பட்டது.

விரலை மெல்ல அருகே கொண்டுபோனேன். அது இலையிலிருந்து விழுந்து, ஒரு சாண் கீழே அந்தரத்தில் நின்றது. வெயில் பட்ட பிறகுதான் நூல் தெரிந்தது. சில நொடிகளில் அதே நூலைப் பற்றிக்கொண்டு மேலேறிவிட்டது. வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், முகத்தின் முன்பக்கத்தில் கறுத்துப் பளபளக்கும் இரண்டு பெரிய கண்கள் இருக்கின்றன. கால்களை எண்ணினேன், நான் உணர்கொம்பு என்று நினைத்த இரண்டையும் சேர்த்து எட்டு.

நேற்று அதே கிளையில் இன்னொன்றைக் கண்டேன். அதன் தலைக்கு முன்னால், உடலின் நீளத்தில் ஏறக்குறையப் பாதியளவுக்கு ஏதோ ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. வேறோர் எறும்பை வாயில் கவ்விச் சுமந்து போவதுபோல் இருந்தது. இரண்டும் ஒரே இனமா? இது எறும்புகளைத் தின்பதற்காகத்தான் இந்த வேடம் போட்டிருக்கிறதா, அல்லது எறும்புகளே இதைத் தம் இனம் என்று ஏமாந்து விட்டுவைத்திருக்கின்றனவா? கடித்தால் மனிதருக்குத் தீங்கு உண்டா? அறிந்தவர்கள் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாவேன்.

எண்விழி எழுதியது:

வணக்கம். நீங்கள் கண்டது எறும்பு உருவம் கொண்ட ஒரு தாவும் சிலந்தி. நூல் ஒன்றே அது எறும்பில்லை என்பதற்குப் போதுமான சான்று, ஏனெனில் முசுறு இனத்தில் பட்டு நூற்பவை அவற்றின் புழுக்கள் மட்டுமே; கூட்டின் இலைகளை ஒட்டுவதற்குக்கூட வளர்ந்த எறும்புகள் புழுக்களைத் தாடையில் பிடித்துத் தறியோடம்போல இங்குமங்கும் அசைத்துத்தான் வேலையை முடிக்கின்றன. முசுறுகளின் பக்கத்திலேயே, அதே நிறத்திலும் அளவிலும் வாழும் தாவும் சிலந்தி என்றால், அது பெரும்பாலும் மிர்மபிளாட்டா பிளாட்டலியாய்டிஸ் என்ற இனமாகவே இருக்கும். இந்தியா, இலங்கை, சீனாவின் தென்பகுதி, தென்கிழக்கு ஆசியா ஆகிய இடங்களில் முசுறு இருக்கும் மரங்களை ஒட்டி இது காணப்படுகிறது. தாவும் சிலந்திகளின் குடும்பத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. சிலந்திகளில் இதைவிடப் பெரிய குடும்பம் இல்லை. அத்தனை இனங்களுக்கு நடுவில் தினமும் நம் தலைக்கு மேலே நடந்து திரிந்தும் நாம் பார்க்காமல் விடுவது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பார்க்கிறவர்களும் எறும்பைப் பார்த்ததாகவே எண்ணிப் போய்விடுகிறார்கள்.

இதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் ஆக்டேவியஸ் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். இலங்கையில் சேகரிக்கப்பட்ட மாதிரிகளைக் கொண்டு 1869-ஆம் ஆண்டில் இதை விவரித்தார். நெடுங்காலம் மிர்மராக்னே என்ற பேரினத்தில் வைக்கப்பட்டிருந்ததால் பழைய நூல்களிலும் இணையப் படங்களிலும் அந்தப் பெயரோடுதான் அதிகம் கிடைக்கும். 2016-இல்தான் மிர்மபிளாட்டா என்று பிரிக்கப்பட்டது. தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

நீங்கள் சொன்னவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, அது முசுறுகளை நேருக்கு நேர் திரும்பிப் பார்த்தது என்ற குறிப்பு. எறும்பின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருக்கின்றன. எதையாவது அறிய வேண்டுமென்றால் அது கொம்பால் தடவும். தாவும் சிலந்தி அப்படியில்லை. அதற்குள்ள எட்டுக் கண்களில் பக்கவாட்டில் இருப்பவை அசைவை உணரும். அசைவு தெரிந்தவுடன் உடலைத் திருப்பி, முன்னால் உள்ள இரண்டு பெரிய கண்களை அதன்மேல் நிறுத்தும். அந்த இரண்டும் நீண்ட குழாய்போல் தலைக்குள்ளே பின்னோக்கிப் போகின்றன. முன்னே உள்ள வில்லை அசையாது. ஆனால் குழாயின் அடியிலுள்ள விழித்திரையைத் தசைகள் அசைக்கின்றன. ஆகவே சிலந்தி சிலைபோல் நின்றுகொண்டிருந்தாலும் உள்ளே அதன் பார்வை எதிரிலிருப்பதன் கால், தலை, கொம்பு என்று ஒவ்வொன்றாக மேய்ந்துகொண்டிருக்கும். உங்கள் சிலந்தி அந்த ஒரு கணம் நின்றதே, அப்போது அது செய்துகொண்டிருந்த வேலை இதுதான். ‘வருவது முசுறு’ என்று கண்டுகொண்ட பிறகே இலைக்கு அடியில் போயிருக்கிறது.

உருவத்தைப் பொறுத்தவரை, எறும்பின் உடல் தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதி. சிலந்திக்குத் தலையும் மார்பும் ஒன்றாய்ச் சேர்ந்த முன்பகுதியும் வயிறுமாக இரண்டே பகுதி. இந்த இனத்தில் அந்த முன்பகுதி நடுவில் இறுக்கிப் பிடித்ததுபோல் ஒடுங்கியிருப்பதால் தலை தனி, மார்பு தனி என்று தோன்றுகிறது. அதற்குப் பின்னே வயிற்றை இணைக்கும் காம்பும் மற்ற சிலந்திகளில் உள்ளதைவிட நீண்டிருக்கிறது. தலையின் பக்கத்தில் உள்ள கறுத்த திட்டு எறும்பின் கூட்டுக்கண்போல் தெரியும். முன்னிரு கால்களைத் தூக்கி அசைப்பதால் கொம்பும் வந்துவிடுகிறது. ஆயினும் அடுத்த முறை ஒன்றைக் கவனியுங்கள்: முசுறின் கொம்பு நம் முழங்கைபோல் ஓரிடத்தில் கூர்மையாக மடங்கும். சிலந்தியின் கால் அப்படி மடங்குவதில்லை. ஒரு நல்ல படத்தில் இந்த ஒன்றை மட்டும் வைத்தே இரண்டையும் பிரித்துவிடலாம்.

சுமையோடு போனது அதே இனத்தின் ஆண். அது சுமப்பது எறும்பையன்று, தன் தாடைகளையே. கடைசித் தோலுரிப்பில் ஆணின் தாடைகள் முன்னோக்கி நீண்டு, நுனியில் கொஞ்சம் பருத்துவிடுகின்றன. இனப்பெயரின் பின்பகுதியான பிளாட்டலியாய்டிஸ் என்பதற்குக் கரண்டிவாயன் பறவையைப் போன்றது என்று பொருள். ஆணைப் பக்கவாட்டில் பார்த்தால் அந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும். ஆண்கள் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும்போது இந்தத் தாடைகளை விரித்துக் காட்டித் தள்ளிக்கொள்கின்றன. விலையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. பெண்ணின் நச்சுப்பல்லில் நஞ்சு வருவதற்கான குழாய் உண்டு, ஆணின் நீண்ட பல்லில் அது இல்லை. ஆகையால் ஆண் தன் இரையை நஞ்சால் அடக்க முடியாமல், பல்லில் குத்திக் கோத்துக்கொள்கிறது.

மனிதருக்கு இதனால் தீங்கு எதுவும் இல்லை. அந்த மரத்தில் உங்களைக் கடிக்கப்போவது முசுறுதான்.

தழைமறைவு எழுதியது:

எண்விழி அவர்களின் விளக்கத்தை மறுக்கவில்லை, ஆனால் முடிவுக்கு வருவதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். முசுறின் வேடம் பூண்டவை அந்த மரத்தில் ஒன்றல்ல, இரண்டு. மற்றொன்று அமிசியா ஃபோர்ட்டிசெப்ஸ் என்ற நண்டுச் சிலந்தி. அதுவும் செம்பழுப்பு நிறம், அதுவும் முசுறுகளின் பக்கத்திலேயே வாழ்வது, அதுவும் நூலில் தொங்குவது. நான் பார்த்த வரையில், இணையத்தில் ஒன்றின் பெயரில் மற்றொன்றின் படத்தைப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

பிரித்தறிவது கடினமன்று. நண்டுச் சிலந்தியின் வயிற்றின் பின்முனையில் இரண்டு கறுப்புப் புள்ளிகள் இருக்கும். அவைதான் எறும்பின் கண்கள். அதாவது வயிறே முகமாக, முன்பின் மாறிய எறும்பாக அது தோன்றும். முன்பகுதியில் ஒடுக்கம் இருக்காது, இடையும் இவ்வளவு மெலிந்திருக்காது. முகத்தில் உள்ள கண்கள் சிறியவை. தாவும் சிலந்தியின் பெருவிழிகள் அதற்கில்லை.

வாழ்முறையில் உள்ள வேறுபாடு இன்னும் பெரியது. அது முசுறையே தின்கிறது. கூட்டத்திலிருந்து பிரிந்து தனியே வரும் எறும்பைப் பற்றிக் கடித்து, உடனே நூலில் தொங்கிவிடும். மற்ற எறும்புகளுக்கு எட்டாத அந்த இடத்தில் வைத்துத்தான் தின்னும். மேத்யூ என்ற ஆய்வாளர் 1954-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் இந்த இரண்டு வேடதாரிகளின் பழக்கங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எழுதினார். ஒரே எறும்பின் உருவத்தை, ஒன்று அதைத் தின்பதற்கும் மற்றொன்று பிறரால் தின்னப்படாமல் இருப்பதற்கும் பயன்படுத்துகிறது என்பதால் அந்த ஒப்பீடு எனக்கு இன்றும் முக்கியமானதாகத் தோன்றுகிறது. எனவே கிளைநிழல் அவர்கள் வயிற்றின் பின்முனை தெளிவாகத் தெரியும் படம் இருந்தால் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அது எறும்பைப் பிடித்ததை ஒரு முறையாவது பார்த்தீர்களா என்பதும் தெரிய வேண்டும்.

கிளைநிழல் எழுதியது:

இருவருக்கும் நன்றி. எடுத்த படங்கள் அனைத்தையும் மீண்டும் பார்த்தேன். வயிற்றின் பின்முனையில் புள்ளிகள் இல்லை, நூல் வரும் சிறு நுனி மட்டுமே தெரிகிறது. முன்பகுதியின் ஒடுக்கம் பக்கவாட்டுப் படத்தில் மிகத் தெளிவாக இருக்கிறது. மூன்று வாரங்களில் ஒரு முறைகூட அது எறும்பைத் தொட்டதை நான் பார்க்கவில்லை. முசுறின் கொம்பு மடங்கும் விதத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தேன், எண்விழி அவர்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. ஆகவே இது தாவும் சிலந்திதான் என்று கொள்கிறேன்.

இன்று மேலும் ஒன்று கண்டேன். கூட்டிலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில், ஓர் இலையின் அடிப்புறத்தில், நடு நரம்பை ஒட்டி வெண்ணிறப் பட்டுப் படலம் ஒன்று இருக்கிறது. அதற்குள் சுமையில்லாத அந்தப் பெண் சிலந்தி உட்கார்ந்திருக்கிறது. உள்ளே முட்டைகள் இருக்கின்றனவா என்று தெரியவில்லை. படலத்தை ஊசியால் லேசாக விலக்கிப் பார்க்கலாமா? மற்றொன்று, எறும்புகள் அதை ஏற்றுக்கொள்கின்றனவா இல்லையா என்பதை நேரில் அறிய, ஒரு கண்ணாடிச் சாடியில் ஒரு சிலந்தியையும் சில முசுறுகளையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம் என்று எண்ணுகிறேன். செய்யலாமா?

பட்டுநூல் எழுதியது:

இரண்டையும் தயவுசெய்து செய்யாதீர்கள். சாடியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சில ஆண்டுகளுக்கு முன் நான் அதைச் செய்தேன். இன்றும் அது என் மனத்தை உறுத்துகிறது.

ஒரு பெண் சிலந்தியை இலையோடு எடுத்து அகன்ற சாடியில் விட்டு, ஆறு முசுறுகளையும் உள்ளே விட்டேன். முதல் சில நிமிடங்களுக்கு அது எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஒதுங்கியது என்பதை வியந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் எறும்பு இரண்டு மூன்று விரற்கடை நெருங்கியதுமே திரும்பி நோக்கி, பக்கவாட்டில் விலகி, இலையின் மறுபுறம் போய்விடும். ஆனால் சாடியில் மறுபுறம் என்பது எவ்வளவு தூரம்? விலகிய இடத்தில் இன்னோர் எறும்பு இருந்தது. அதன் கொம்பு சிலந்தியின் பின்னங்காலில் பட்டது, அவ்வளவுதான். அது காலைக் கவ்விப் பின்னோக்கி இழுத்தது. நொடிப்பொழுதில் மற்றொன்று எதிர்ப்பக்கத்துக் காலைப் பிடித்தது. முசுறுகள் எந்த இரையையும் ஆளுக்கொரு பக்கம் பற்றி இழுத்து விறைப்பாக நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள், அப்படியே இதையும் நீட்டிப் பிடித்துவிட்டன. நான் மூடியைத் திறந்து குச்சியால் பிரிப்பதற்குள் இரண்டு கால்கள் போய்விட்டன. மாலைக்குள் அது இறந்தது.

நீங்கள் கேட்ட கேள்விக்கு அதிலேயே விடை இருக்கிறது. முசுறுகள் அதைத் தம் இனமாக ஏற்கவில்லை. எறும்பு தன் கூட்டாளியை உருவத்தைப் பார்த்து அறிவதில்லை, உடலின் மேல்தோலில் படிந்திருக்கும் மெழுகுபோன்ற பூச்சின் வாசத்தைக் கொம்பால் தொட்டு அறிகிறது. இந்தச் சிலந்தியின் வேடம் கண்ணுக்கானது. தொட்டால் கலைந்துவிடும் வேடம் அது. ஆகையால்தான் தொடும் தூரத்துக்குள் எறும்பு வரவே அது இடம் கொடுப்பதில்லை. மரத்தில் அதற்கு ஆயிரம் இலைகளும் ஆயிரம் அடிப்புறங்களும் இருக்கின்றன, தப்ப முடியாத நிலையில் நூல் இருக்கிறது. சாடியில் நாம் அவையனைத்தையும் பறித்துவிடுகிறோம்.

வாசத்தைப் போலி செய்யும் தாவும் சிலந்தி ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஆராயப்பட்ட காஸ்மோஃபாசிஸ் பைட்டீனியேட்டா, முசுறுக் கூட்டுக்குள்ளேயே புகுந்து புழுக்களைத் தின்கிறது. தின்னும் புழுக்களிலிருந்தே அந்தக் கூட்டின் வாசம் அதன் உடலில் ஏறிவிடுவதால் எறும்புகள் அதைத் தடுப்பதில்லை. உருவத்தில் அது எறும்பைப் போல இருப்பதே இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் மரத்துச் சிலந்தியிடம் அந்த வாசம் இல்லை, உருவம் மட்டுமே இருக்கிறது.

பட்டுப் படலத்தைப் பற்றி: அது அதன் வீடு. இரவில் தங்குவது, தோலுரிப்பது, முட்டையிடுவது எல்லாம் இத்தகைய படலத்துக்குள்தான். தாய் முட்டைகளோடு உள்ளேயே தங்கியிருக்கும். ஒரு கிழிசல் ஏற்பட்டால் முசுறு நுழைய வழி கிடைத்துவிடும், அதுவும் கூட்டுக்கு இவ்வளவு அருகில். மேலும் எறும்பு வேடச் சிலந்திகளின் தாய்மையைப் பற்றி நமக்குத் தெரிந்தது மிகக் குறைவு என்பதை 2018-இல் வந்த ஒரு கண்டுபிடிப்பு காட்டிவிட்டது. இதன் உறவினமான டாக்ஸியஸ் மேக்னஸ் என்ற எறும்பு வேடச் சிலந்தியின் தாய் தன் குஞ்சுகளுக்குப் பால்போன்ற ஒரு திரவத்தைச் சுரந்து ஊட்டுகிறது என்று சீன ஆய்வாளர்கள் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். முதல் 20 நாட்கள் குஞ்சுகளுக்கு அதைத் தவிர வேறு உணவில்லை. பிறகு வெளியே சென்று இரை தேடத் தொடங்கியும், ஏறக்குறைய 40 நாட்கள் வரை திரும்பி வந்து தாயிடம் பால் குடிக்கின்றன. அந்தத் திரவத்தில் பசும்பாலில் உள்ளதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு புரதம் இருந்தது. உங்கள் மரத்தில் இருப்பதும் அப்படிச் செய்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பொறுமையாக, படலத்தைத் தொடாமல், பின்புறம் விளக்கொளி விட்டுப் பார்த்த ஒருவர் எவ்வளவு பெரிய செய்தியைக் கண்டறிய முடியும் என்பதற்காகச் சொல்கிறேன். இலையை அடியிலிருந்து படமெடுங்கள், கிளையை வளைக்காதீர்கள்.

எண்விழி எழுதியது:

பட்டுநூல் அவர்கள் மனம் திறந்து எழுதியது இந்த இழைக்கு மிகவும் வேண்டியிருந்தது. அதன் தொடர்ச்சியாக, இந்த வேடம் யாருக்காக என்ற கேள்வியை முடித்துவிடலாம்.

முசுறை யார் தின்ன விரும்புவார்கள்? கடிக்கும், கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும், ஒன்றைத் தொட்டால் நூறு வரும். எனவே பூச்சி தின்னும் விலங்குகளில் பெரும்பாலானவை, குறிப்பாகப் பிற தாவும் சிலந்திகளும் கும்பிடுபூச்சிகளும், முசுறுபோல் தெரிவதை விட்டு விலகுகின்றன. ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் 1862-இல் அமேசான் பட்டாம்பூச்சிகளைக் கொண்டு விளக்கிய போலித்தனம் இதுதான்: தீங்கற்ற ஒன்று, தீங்குள்ள ஒன்றின் தோற்றத்தில் பாதுகாப்புப் பெறுகிறது. முசுறு சம்பாதித்து வைத்திருக்கும் அச்சத்தை இந்தச் சிலந்தி கடன் வாங்கி வாழ்கிறது. கடன் கொடுத்தவர் கண்ணில் படாமலும் இருக்க வேண்டும், அவரை விட்டு வெகுதூரம் போய்விடவும் முடியாது. எறும்பில்லாத இடத்தில் எறும்பு வேடத்துக்கு மதிப்பில்லை. ஓரத்திலேயே திரிகிறது என்று கிளைநிழல் அவர்கள் முதல் பத்தியில் எழுதினாரே, அந்தச் சொல் மிகச் சரியான சொல்.

ஆணின் நிலைமை இன்னும் இக்கட்டானது. தாடை நீண்டதால் அது எறும்பு வேடத்தைக் கெடுத்துவிடும் என்று நாம் நினைப்போம். ஷிமேனா நெல்சன், ராபர்ட் ஜாக்சன் ஆகிய இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. எறும்பு வேடச் சிலந்திகளின் ஆண், மற்றோர் எறும்பைச் சுமந்து செல்லும் எறும்பாகத் தோன்றுகிறது. எறும்புக்கு அஞ்சும் வேட்டையாடிகள் அதையும் தவிர்க்கின்றன. ஆனால் எறும்பையே விரும்பித் தின்னும் சிலந்திகள் சில உண்டு. அவற்றுக்குச் சுமையோடு போகும் எறும்பு மிகவும் உகந்த இரை, வாயில் சுமை இருப்பதால் அது கடிக்க முடியாது அல்லவா! ஆகவே ஆண் ஒரு வகை எதிரியிடமிருந்து தப்பி, மற்றொரு வகை எதிரியின் கண்ணில் கூடுதலாகப் படுகிறது. நீங்களே அதை ‘வேறோர் எறும்பைக் கவ்விச் சுமந்து போவதுபோல்’ என்று எழுதியிருந்தீர்கள். அந்த வேட்டையாடிகள் கண்ட தோற்றத்தையே நீங்களும் கண்டிருக்கிறீர்கள்.

நடையைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். உறவினமான மிர்மராக்னே ஃபார்மிகேரியாவை அதிவேகக் கேமராக்களால் படமெடுத்த ஆய்வு ஒன்று 2017-இல் வந்தது. அது எப்போதும் முன்கால்களைத் தூக்கிக்கொண்டு ஆறு காலில் நடப்பதில்லை என்றும், நடக்கும்போது எட்டுக் கால்களையும் ஊன்றிவிட்டு, நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவே நிற்கும் இடைவெளிகளில் முன்கால்களைத் தூக்கிக் கொம்பாக்குகிறது என்றும் அதில் தெரியவந்தது. அந்த நிறுத்தங்கள் நம் கண்ணுக்குப் பிடிபடாதவை. வாசத் தடத்தைத் தொடரும் எறும்புபோல வளைந்து வளைந்து செல்வதையும் பதிவு செய்தார்கள். அது முசுறு வேடமிடும் இனமன்று. உங்களிடம் மெதுவோட்டக் காணொலி எடுக்கும் வசதி இருந்தால், இது நடக்கும்போது முன்கால்கள் இலையில் படுகின்றனவா என்று எடுத்துப் போடுங்கள். எனக்கு அதைக் காண மிகுந்த ஆவல்.

தழைமறைவு எழுதியது:

புள்ளிகள் இல்லை, ஒடுக்கம் இருக்கிறது, எறும்பைத் தொடவில்லை என்பதால் என் ஐயம் தீர்ந்தது. இதற்குத் தமிழில் ‘முசுறு வேடச் சிலந்தி’ என்ற பெயரையே நாம் வழங்கலாம் என்று கருதுகிறேன். முயிறு என்று சங்கப் பாடல்களிலேயே இடம்பெற்ற எறும்பு அது. தாவும் சிலந்திக்கும் ஈப்புலி என்ற அழகான பழம்பெயர் அகராதியில் இருக்கிறது. ஆனால் இந்த இனம் புலியைப்போலப் பாய்வது அரிது என்பதால் அந்தப் பெயர் இதற்கு அவ்வளவாகப் பொருந்தாது. தாவினால் வேடம் கலைந்துவிடும் அல்லவா.

கிளைநிழல் எழுதியது:

சாடியையும் ஊசியையும் கைவிட்டேன். பட்டுநூல் அவர்களுக்கு என் தனி நன்றி. நீங்கள் எழுதியிராவிட்டால் நான் அதைச் செய்திருப்பேன்.

இன்று காலை இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஆண் வரவில்லை. பெண் படலத்தை விட்டு வெளியே வந்து இலையின் மேற்புறத்தில் திரிந்தது. ஒரு சிறிய ஈ, எள்ளளவைவிடச் சற்றுப் பெரியது, இலையின் நுனியில் வந்து அமர்ந்தது. சிலந்தி திரும்பிப் பார்த்தது. தாவும் என்று எதிர்பார்த்துக் கேமராவை அழுத்திக்கொண்டே இருந்தேன், ஆனால் அது எறும்பு நடையை மாற்றவே இல்லை. வளைந்து வளைந்து, நின்று நின்று, ஈக்கு ஒரு விரல் அகலம் வரை போய்விட்டது. பிறகு தூக்கியிருந்த முன்கால்கள் இரண்டாலும் ஈயின் முதுகை இரண்டு முறை தட்டியது. தட்டியதும் தெரிந்தது, பிடித்ததும் தெரிந்தது, இடையில் நடந்தது தெரியவில்லை. உடலை மட்டும் முன்னால் எறிந்ததுபோல் இருந்தது, கால்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

ஈயைக் கவ்விய நிலையில் அதைப் பார்த்தபோது, சுமையோடு போகும் முசுறாகவே அது தோன்றியது. அதே நேரத்தில் இலைக்காம்பின் வழியாக உண்மையான முசுறு ஒன்று ஏறி வந்தது. சிலந்தி ஈயை விடவில்லை. முகத்தை எறும்பின் பக்கமே வைத்துக்கொண்டு, பின்னோக்கி நடந்து, விளிம்பைத் தாண்டி அடிப்புறத்துக்குப் போய்விட்டது. முசுறு இலையின் நுனி வரை வந்து, ஈ அமர்ந்திருந்த இடத்தைக் கொம்பால் தடவிப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பியது.

காணொலி நாளை எடுக்க முயல்கிறேன். அடிப்புறப் படலத்தில் இன்று வெளிச்சம் பட்டபோது, உள்ளே வெளிர்மஞ்சளாய்ச் சிறு உருண்டைகள் தெரிந்தன. எண்ண முடியவில்லை.